பாபினுக்கு வாய்தான் முக்கியம்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் போன மாதம் லீவுக்கு, தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரான வி.கே.புரம் வந்திருந்தான். வந்த மூன்றாம் நாள் அவன் பேருக்கு ஒரு பார்சல். ஆசையாய்ப் பிரித்தவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில் தையல் மெஷினில் போடுகிற பாபின் பத்து, சீர்த்தட்டில் வைத்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தன.

“பாபின்னுதானே மாமா ஆர்டர் போட்டேன்?”

“பாபின்தானே மாப்ளே வந்திருக்கு?”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் நூற்பாலையில் ரிங் ஃபிரேம் பார்த்தவன் நான். சைடர் வேலை, அதாவது மெஷினின் ஒரு பக்கத்தைக் கவனித்துக்கொள்வது. பாபின் என்ற சொல்லைக் கேட்காமல் ஒரு ஷிப்டும் போனதில்லை. ஆனால் இவன் தேடுவது வேறு பாபின். “வா, டீ குடிச்சிட்டு வருவோம். விவரமாச் சொல்லுதேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் உங்களுக்கு ஒரு வார்த்தை. இவன் கட்டுவது பொய்ப்பூச்சி, நானும் கட்டுவதுண்டு. ஆங்கிலத்தில் ஃப்ளை என்பார்கள். வெறும் தூண்டில் முள்ளைச் சின்ன இடுக்கியில் பிடித்துவைத்து, அதன்மேல் மெல்லிய நூலைச் சுற்றி, சேவல் இறகும் ஆட்டு முடியும் வைத்துக் கட்டி, தண்ணீரில் விழுந்த பூச்சி போலவோ குஞ்சு மீன் போலவோ ஆக்குவது. மண்புழு கிடையாது, கோதுமை மாவு உருண்டை கிடையாது. மீனை ஏமாற்றுவது முழுக்க இந்தக் கட்டுதான். இறகு நிற்பது பசையால் அல்ல, நூலின் பிடியால். கடைசியில் ஒரு முடிச்சு, அதன்மேல் ஒரு சொட்டு வார்னிஷ், அவ்வளவே. நம் ஊரில் கோயில் வாசலில் பூக்கட்டுகிற அம்மாவைக் கவனித்தவர்களுக்கு இது அரை நிமிஷத்தில் விளங்கிவிடும். அந்த அம்மா இரண்டு பூவை இந்தப் பக்கம், இரண்டு பூவை அந்தப் பக்கம் வைத்து நூலை இழுத்து ஒரு சுருக்குப் போடும்போது, நூல் தளர்ந்தால் பூ உதிரும், இறுகினால் காம்பு அறும். அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இழுவை அந்த அம்மாவின் விரலில் இருக்கிறது. வாழைநாரைப் பிடித்துப் பழகிய விரல். பொய்ப்பூச்சி கட்டுகிறவனுக்கு அந்த இழுவையைத் தரவேண்டியது அவன் கையில் இருக்கும் பாபின்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன். “பாபின்னா எத்தனை இருக்கு தெரியுமா?”

மில்லில் பாபின் என்றால் கதிரில் மாட்டுகிற நீளக் கட்டை. நூற்ற நூல் அதில்தான் ஏறும். நிறைந்ததும் டாஃபர் கழற்றிக்கொண்டு போவார். டெய்லருக்கு பாபின் என்றால் மெஷினுக்கு அடியில், பாபின் கேஸுக்குள் போகிற சின்னச் சக்கரம். கீழ்நூல் அதில் இருக்கும். இரண்டுமே நூலைச் சுமக்கும் பொருள்கள். பொய்ப்பூச்சிக்காரனுக்கு மட்டும் நூலைச் சுமக்கும் கண்டு வேறு, பாபின் வேறு. கண்டைப் பிடித்துக்கொள்கிற கருவிக்குத்தான் அங்கே பாபின் என்று பேர். முழுப் பேர் பாபின் ஹோல்டர். பேச்சு வழக்கில் வால் அறுந்து பாபின் மட்டும் நின்றுவிட்டது. இவன் வாலை எழுதாமல் விட்டான், கடைக்காரர்கள் தலையை அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கருவி பார்க்க எளிது. கம்பியை வளைத்த இரண்டு கை. கைகளின் நுனியில் ஒரு ஜோடிக் குமிழ். நூல்கண்டின் இரண்டு பக்கத் துளையிலும் அந்தக் குமிழ்கள் உட்கார்ந்து கண்டை இறுக்கிப் பிடிக்கும். கைகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய குழாய், ஏறக்குறைய இரண்டு அங்குலம். நூல் கண்டிலிருந்து அவிழ்ந்து, குழாய்க்குள் நுழைந்து, மறுமுனையில் வெளியே வரும். கருவியை உள்ளங்கைக்குள் அடக்கிக்கொண்டு குழாய் முனையால் முள்ளைச் சுற்றிச் சுற்றிக் கட்டவேண்டும். பேனா பிடித்த மாதிரி.

“இதுல என்ன மாமா பாத்து வாங்கதுக்கு இருக்கு? எல்லாம் ஒரே மாதிரிதான இருக்கு?”

அதைத்தான் சொல்ல வந்தேன். இவன் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தான், மலிவாக வாங்கியது. அதில் கட்டும்போதெல்லாம் நூல் அறுந்துகொண்டே இருந்ததாம். நூல் சரியில்லை என்று மூன்று கம்பெனி நூல் மாற்றிப் பார்த்திருக்கிறான். எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. ரிங் ஃபிரேமில் ஒவ்வொரு கதிரைச் சுற்றியும் ஒரு வளையம், அந்த வளையத்தின்மேல் ஒரு துணுக்கு எஃகுக் கொக்கி ஓடும். ட்ராவலர் என்போம். கதிர் நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்ற, நூல் அந்தக் கொக்கிக்கு அடியில் புகுந்துதான் பாபினில் ஏறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கதிரில் மட்டும் நூல் அறுந்துகொண்டே இருந்தால் பஞ்சைத் திட்டுவேன். பக்கத்து சைடில் நின்ற பெரியவர் வந்து, “நானூறு கதிருக்கும் ஒரே பஞ்சுதானவே? அங்க அறலையே?” என்று கேட்டுவிட்டு ட்ராவலரைக் கழற்றிக் காட்டினார். நூல் ஓடி ஓடி அதில் பள்ளம் விழுந்து, பள்ளத்தின் விளிம்பு பிளேடாகிவிட்டிருந்தது. நூல் அறுந்தால் நூல் எதைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று பார். அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். பொய்ப்பூச்சி பாபினுக்கும் இதற்கு மேல் பெரிய சாஸ்திரம் இல்லை.

ஆகவே முதலில் குழாயின் வாய். நூல் குழாயிலிருந்து நேராக வெளியே வந்தால் விளிம்பைத் தொடவே தொடாது. ஆனால் கட்டும்போது நேராக எங்கே வருகிறது? முள்ளைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் குழாய் முனையில் ஒடிந்து திரும்பித்தான் வரும். அந்தத் திருப்பத்தில் விளிம்பு கூராக இருந்தால் நூலின் மொத்த இழுவையும் மயிரிழை அகலத்தில் வந்து விழும். விளிம்பு உருண்டு வெளிப்பக்கம் விரிந்திருந்தால் அதே இழுவை பரவிவிடும். குழாயை வெட்டிவிட்டு முனையைத் தேய்க்காமல் அனுப்பும் மலிவுச் சரக்கில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். அதுதான் வில்லன்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. குழாய்க்கு வாய் ஒன்றல்ல, இரண்டு. கண்டு அகலமானது. நூல் அவிழும்போது இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் பின்வாயில் நுழையும்போது நூல் எப்போதும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து உரசித்தான் நுழையும். முன்வாயைப் பளபளவென்று மெருகு போட்டுவிட்டுப் பின்வாயை அப்படியே விட்டுவிடும் தயாரிப்புகள் இருக்கின்றன. இவன் கொண்டுவந்திருந்த பழைய பாபினை டீக்கடையிலேயே சோதித்தோம். கடைக்காரரின் முதலுதவிப் பெட்டியில் கொஞ்சம் பஞ்சு இருந்தது. அதைத் திரித்து முன்வாயில் விட்டுச் சுழற்றினேன். சுத்தமாக வந்தது. பின்வாயில் விட்டேன். வெள்ளை இழை ஒன்று விளிம்பில் மாட்டிக்கொண்டு நின்றது.

“மூணு கம்பெனி நூலும் பாவம் மாப்ளே” என்றேன்.

இனி எதனால் செய்த வாய் என்ற கேள்வி. எஃகுக் குழாய், பீங்கான் குழாய், எஃகுக் குழாயின் முனையில் மட்டும் பீங்கான் வளையம் பதித்தது, இப்படிச் சில வகை. இதற்கு இங்கிருந்து வீரவநல்லூர் வரைக்கும் போய் ஒரு தறிக்காரரைக் கேட்டால் போதும். தறியில் ஓடுகிற நாடாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே நூல் சுற்றிய தார் இருக்கும். தாரிலிருந்து ஊடைநூல் வெளியே வரும் துளையில் பாசிமணி மாதிரி ஒரு பீங்கான் கண் பதித்திருப்பார்கள். மரத்தில் வெறும் துளை போட்டால் நாலு நாளில் நூல் மரத்தை அறுத்துவிடும். கிணற்றுக் கல்லிலேயே கயிறு பள்ளம் பறித்துவிடுகிறதே, மரம் எம்மாத்திரம்? மில்களிலும் நூல் உரசும் இடமெல்லாம் பீங்கான் வழிகாட்டி வைப்பது பழைய வழக்கம். செயற்கை நூலில் பளபளப்பைக் குறைக்க டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியைக் கலப்பார்கள். அது நூலையே உப்புத்தாள் ஆக்கிவிடும். எஃகையும் அறுக்கும்.

இங்கே பீங்கான் என்று சொல்வது காப்பிக் கோப்பைப் பீங்கான் அல்ல, அலுமினிய ஆக்சைடு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9. கெம்பும் நீலமும் இதே பொருள்தான், நிறம் கொடுப்பது உள்ளே கலந்த வேறு தனிமங்கள். அதனால் ரூபி முனை வைத்தது என்று சொல்லி விலையை ஏற்றினால் மயங்கவேண்டாம். கெம்புக்கு நகையில்தான் மதிப்பு, நூலுக்கு அது தெரியாது. நன்றாக மெருகிட்ட சாதாரணப் பீங்கான் அதே வேலையைச் செய்யும்.

பீங்கானுக்கு ஒரு குறை. விழுந்தால் உடையும். நம் வீடுகளில் சிமெண்ட் தரை, இல்லாவிட்டால் டைல்ஸ். மேஜையிலிருந்து தவறினால் வாயில் ஒரு சில்லு பெயரும். பெயர்ந்த பீங்கான் விளிம்பைவிடக் கொடிய கத்தி கிடையாது. போன வருஷம் நான் ஒன்றை அப்படித்தான் போட்டு உடைத்தேன். உடைந்தது தெரியாமல் ஒரு வாரம் கட்டிக்கொண்டிருந்தேன் என்பது கூடுதல் வெட்கம். கீழே ஒரு பாய்த்துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்தமடைப் பட்டுப்பாய் வேண்டாம், சாதாரணக் கோரைப்பாய் போதும்.

எஃகு வாய் கேவலம் என்று நினைக்கவேண்டாம். முனை விரிந்து மெருகிட்ட எஃகுக் குழாய் வருஷக்கணக்கில் உழைக்கும். பிசிறு இருந்தால் நாமே சரி செய்யலாம். பருத்திக் கயிறு ஒன்றில் பித்தளை துலக்கும் பசையைத் தடவி, குழாய்க்குள் விட்டு, இரண்டு முனையிலும் சாய்த்துச் சாய்த்து இழுத்தால் பத்து நிமிஷத்தில் விளிம்பு மழுங்கும். இவனுடைய பழைய பாபினுக்கு அன்று சாயங்காலம் அந்த வைத்தியம்தான் நடந்தது.

குழாய் என்று சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நூலைக் குழாய்க்குள் எப்படி விடுவது? கம்பிக் கண்ணி ஒன்று விற்கிறார்கள், அதால் இழுக்கலாம். ஆனால் நிறையப் பேர் செய்வது, நூல்முனையைப் பின்வாயில் வைத்துவிட்டு முன்வாயில் வாய் வைத்து உறிஞ்சுவது. சட்டென்று வந்துவிடும். நானும் செய்திருக்கிறேன். ஆனால் இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவாலைகளில் இதே வேலையை ஆயிரக்கணக்கான பெண்கள் நாள் முழுக்கச் செய்தார்கள். நாடாவின் கண்ணில் உதட்டை வைத்து ஊடைநூலை உறிஞ்சி எடுப்பார்கள். ஒரே நாடா பல பேர் வாய்க்குப் போகும். பஞ்சுத் தூசும் சாயமும் நெஞ்சுக்குள் போகும், காசநோய் பரவும் என்று பயந்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-லேயே அந்த வகை நாடாவைத் தடை செய்தது. இங்கிலாந்தில் 1952 வரை இழுத்தது. உங்கள் பாபின் உங்கள் வாய்க்கு மட்டும்தான் என்றால் பெரிய ஆபத்தில்லை. என்றாலும் நூலில் மெழுகும் சாயமும் இருக்கிறது. கம்பிக் கண்ணி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. கித்தார் கம்பித் துண்டை இரண்டாக மடித்தாலும் கண்ணிதான்.

டீ வந்தது. ஸ்ட்ராங்காகப் போட்டிருந்தார். பக்கத்துக் கடை டெய்லர் அண்ணாச்சியும் தம்ளரோடு வந்து உட்கார்ந்தார். பேச்சு இழுவைக்கு வந்திருந்தது.

“அண்ணாச்சி, பாபின் கேஸ் டைட்டு சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?”

அவர் எழுந்து போய் மெஷினிலிருந்து பாபின் கேஸைக் கழற்றிக்கொண்டு வந்தார். நூலின் முனையை இரண்டு விரலால் பிடித்து, கேஸை அந்தரத்தில் தொங்கவிட்டார். அது அசையாமல் தொங்கியது. மணிக்கட்டை லேசாக ஒரு வெட்டு வெட்டினார். கேஸ் ஒரு விரற்கடை இறங்கி மறுபடி நின்றது. “இவ்வளவுதான் தம்பி. தானா இறங்குனா லூஸு. ஆட்டியும் இறங்கலைன்னா டைட்டு” என்றார். ஐம்பது வருஷ அனுபவம் ஒரு வெட்டில் முடிந்துவிட்டது.

பொய்ப்பூச்சி பாபினுக்கும் இதே சோதனை. நூலைக் கட்டி பாபினைத் தொங்கவிட்டால் அது தன் எடையைத் தானே தாங்கி நிற்கவேண்டும். நிற்காமல் கண்டு உருண்டு இறங்கினால், நீங்கள் இறகை எடுக்கக் கையை விட்ட நேரத்தில் கட்டு முழுக்கத் தளர்ந்துவிடும். நின்றபின் கையால் மெல்ல இழுத்தால் சிணுங்காமல் நூல் வரவேண்டும். விட்டு விட்டு, திணறித் திணறி வந்தால் அந்தத் திணறலில்தான் நூல் அறும்.

டெய்லருக்கு இதைத் திருத்த ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கிறது. நமக்குக் கம்பிக் கைகள். கண்டைக் கழற்றிவிட்டு, கைகளை வெளிப்பக்கம் கொஞ்சம் விரித்தால் பிடி தளரும், உள்பக்கம் நெருக்கினால் இறுகும். இரண்டு கையையும் ஒரே அளவு வளைக்கவேண்டும். ஒரு கையை மட்டும் வளைத்தால் கண்டு கோணலாக உட்கார்ந்து, கோயில் தேர் மாதிரி ஆடி ஆடி வரும். கொஞ்சம் வளை, மாட்டு, தொங்கவிடு, பார். நாலைந்து முறையில் படிந்துவிடும். ஸ்க்ரூ வைத்துத் திருகும் உயர்ந்த ரகங்களும் உண்டு. அடிக்கடி நூல் மாற்றுகிறவர்களுக்கு அது வசதி, நமக்கு ஆடம்பரம். வாங்கும்போது பார்க்கவேண்டியது கம்பியின் குணம். வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கவேண்டும். தகரம் மாதிரித் தொய்வதும் ஆகாது, வில் மாதிரித் திரும்பிவிடுவதும் ஆகாது.

எடையும் இழுவையில் சேர்ந்ததுதான். தொங்கும் பாபின், கொத்தனாரின் தூக்குக்குண்டு போல நூலை நிமிர்த்தி வைக்கிறது. ரொம்ப லேசாக இருந்தால் நூல் தளரும். பித்தளைத் தடியாக இருந்தால் மெல்லிய நூல் மூச்சுத் திணறும். மெல்லிய நூல் என்றால் எவ்வளவு மெல்லியது? இங்கேதான் நம் மில் கணக்கு உதவுகிறது.

மில்காரர்கள் நூலைக் கவுன்ட்டில் சொல்வோம். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டம் எத்தனை வருகிறதோ அதுதான் கவுன்ட். நம்பர் கூடக்கூட நூல் மெலியும். பொய்ப்பூச்சி நூல்காரர்கள் டெனியரில் சொல்கிறார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். இங்கே நம்பர் கூடினால் நூல் தடிக்கும். தலைகீழ்க் கணக்கு. 5,315-ஐ டெனியரால் வகுத்தால் கவுன்ட் வந்துவிடும். இவன் சாதாரணமாகக் கட்டுகிற 70 டெனியர் நூல் நம் கணக்கில் 76-ஆம் கவுன்ட் சொச்சம். 140 டெனியர் என்றால் 38. அண்ணாச்சி சட்டை தைக்கிற பாலியெஸ்டர் நூல் 240 டெனியருக்குக் குறையாது. அந்த நூலைப் பழகிய கையோடு 70 டெனியரை இழுத்தால் அறாமல் என்ன செய்யும்? நைலான் டெனியருக்கு ஐந்தாறு கிராம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால் அது அரைக் கிலோவுக்கும் கீழேயே அறுந்துபோகும்.

“அப்போ எனக்கு எது மாமா வாங்கணும்?”

“என்ன மீனுக்குக் கட்டுதே?”

கேள்வி அங்கேதான் இருக்கிறது. ஊட்டிப் பக்கம் ட்ரௌட் பிடிக்கப் போகிறவன் சின்னஞ்சிறு முள்ளில் கொசு அளவுக்குக் கட்டுவான். அந்த மீன் நம் நாட்டு மீனே அல்ல. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் முட்டைகளைக் கொண்டுவந்து முயன்று பார்த்தார், நிலைக்கவில்லை. பிறகு எச்.சி. வில்சன் என்ற மீன்வள நிபுணர் வந்து, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தபின்தான் வானவில் ட்ரௌட் நீலகிரி ஓடைகளில் வேர் பிடித்தது. குளிர்ந்த நீர் கேட்கும் மீன், தாமிரபரணியின் சமவெளிச் சூட்டைத் தாங்காது. அதற்கு 70 டெனியரும் அதற்குக் கீழும். குட்டைக் குழாய், லேசான எடை, பீங்கான் வாய். வேறு பேச்சே இல்லை.

நம் பக்கத்துக் குளங்களில் விரால் பிடிக்கிறவன் கதை வேறு. விரால் மேல்நீரில் தவளையைப் பாய்ந்து கவ்வுகிற மீன். அதற்கு ஆட்டு முடியைக் கத்தை கத்தையாக வைத்து, நூலை இறுக்கி, முடி சிலிர்த்து நிற்கும்படி கட்டவேண்டும். 140 டெனியர், சில சமயம் ஜெல் ஸ்பன் என்கிற வழுவழுப்பான நூல். அது எளிதில் அறாது, விரலைத்தான் அறுக்கும். வழுக்குவதால் கைகளை இன்னும் நெருக்கி வைக்கவேண்டும். மெருகிடாத மலிவு எஃகு வாயில் அது கோடு கிழித்துவிடும். இதற்கு நீளக் குழாயும் தடித்த கம்பியும் நல்லது. ஆக ஒரே பாபின் இரண்டு வேலைக்கும் ஒத்துவராது என்பதல்ல, ஒவ்வொரு தடவையும் கைகளை வளைத்து வளைத்துக் கம்பி களைத்துவிடும். இரண்டு வைத்துக்கொள்வது சிக்கனம்.

இவன் இரண்டு மீனுக்கும் ஆசைப்படுகிறவன். “மொதல்ல பீங்கான் குழாய் ஒண்ணு நடுத்தர அளவுல வாங்கு. பழசைப் பித்தளைப் பசை போட்டுத் தேச்சு விராலுக்கு வச்சுக்க” என்றேன்.

நூல் சுழற்சியைப் பற்றியும் சொன்னேன். அதைச் சொல்லாமல் ரிங் ஃபிரேம்காரன் எழுந்திருக்க முடியுமா? முறுக்குத்தான் எங்கள் பிழைப்பு. வலக்கையால் சுற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு சுற்றுக்கும் நூலில் முறுக்கு ஏறும். ஏறிய நூல் உருண்டு கயிறாகி முள்மேல் மேடு மேடாக உட்காரும். பாபினைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழற்றிவிட்டால் முறுக்குப் பிரிந்து நூல் பட்டையாகும். பட்டையான நூல் வழவழப்பாகப் படியும். இறுக்கிப் பிடிக்கவேண்டிய இடத்தில் மறுபக்கம் சுழற்றி உருட்டிக்கொள்ளலாம். பம்பரம் போல நன்றாகச் சுழல்கிற பாபின் என்றால் எடை நடுவில் இருக்கிறது என்று அர்த்தம். வாங்கியதும் இதையும் ஒரு தரம் பாருங்கள்.

இந்த நூல், கண்டு, பாபின் எல்லாம் இந்த ஆற்றங்கரைக்கு வந்த வழியும் ஒரு கதை. நெப்போலியன் சண்டைக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து பட்டு வருவது நின்றுபோக, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் பேட்ரிக் கிளார்க் என்பவர் தறியில் பாவு இழைகளைத் தூக்கும் விழுதுக்குப் பட்டுக்குப் பதிலாகப் பருத்தி இழைகளை முறுக்கி வழவழப்பான நூல் செய்தார். அதிலிருந்துதான் பருத்தித் தையல் நூல் பிறந்தது. 1812-ல் அதற்கென்றே ஆலை வைத்தார்கள். நூலை மரக்கட்டையில் சுற்றிக் கொடுத்து, கட்டைக்கு அரைப் பென்னி முன்பணம் வாங்கி, காலிக் கட்டையைத் திருப்பிக் கொடுத்தால் காசையும் திருப்பிக் கொடுத்தார்களாம். நம் சோடா பாட்டில் கணக்கு. அதே பெய்ஸ்லியின் இன்னொரு பெரிய நூல் குடும்பம் கோட்ஸ். இங்கே ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் 1880-களில் பாபநாசம் அருவியின் தண்ணீர் விசையை நம்பி மில் வைத்தார்கள். தூத்துக்குடியில் இவர்கள் வைத்த கோரல் மில்லில்தான் 1908-ல் வ.உ.சி. முன்னின்று நடத்திய வேலைநிறுத்தம். ஹார்வி மில்கள் 1974-ல் கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. பெய்ஸ்லி நூலும் பொதிகைத் தண்ணீரும் கடைசியில் ஒரே கேட்டுக்குள் வந்து சேர்ந்தன. எங்கள் வீட்டில் என் தகப்பனார் காலத்திலிருந்து மில் சங்கு ஊதித்தான் விடியும்.

மருமகன் டீயை முடித்துவிட்டு வேறொன்று கேட்டான். பொய்ப்பூச்சிக்காரர்கள் கொண்டாடுகிற இறகு ஒன்று உண்டு. சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. நுனியில் மெழுகு சொட்டின மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாகப் பொட்டு இருக்கும். பழைய சால்மன் ஃப்ளைகளில் கண்ணுக்கும் கன்னத்துக்கும் அதைத்தான் வைப்பார்கள். ஜாக் ஸ்காட் என்ற பேர்பெற்ற கட்டு அது இல்லாமல் முழுமையாகாது என்பார்கள். அந்தக் கோழி நம் தென்னிந்தியக் காட்டுப் பறவை. முண்டந்துறைப் பக்கம் விடியற்காலையில் அதன் கூவல் கேட்கும். ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பல் ஏறிப்போன தோல்களுக்குக் கணக்கில்லை. “இங்கன கெடைக்குமா மாமா?” என்றான். 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, களக்காடு முண்டந்துறையோ 1988-லிருந்து புலிகள் காப்பகம் என்று சொன்னேன். தூண்டிலும் அங்கே ஆகாது. நாட்டுச்சேவல் கழுத்து இறகு கறிக்கடையில் சும்மா கிடைக்கிறது. அதில் கட்டினால் விரால் வேண்டாம் என்றா சொல்லும்?

பாபின் சரியாக இருந்தும் நூல் அறுந்தால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, இடுக்கியில் மாட்டிய முள்ளின் கூர். கீழே சுற்றும்போது நூல் அதில் உரசினால் அறுந்தது அறுந்ததுதான். எத்தனை விலை கொடுத்த பாபினும் காப்பாற்றாது. இன்னொன்று, உங்கள் விரல். வயல்வேலை செய்த கையோ, சிமெண்ட் தொட்ட கையோ, சொரசொரப்பில் மெல்லிய நூல் பிசிறும். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், எண்ணெய் பட்ட நூலில் வார்னிஷ் ஒட்டாது. கொஞ்சம் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் வைத்துக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்காருங்கள். மாதம் ஒருமுறை தடித்த தூண்டில் நரம்புத் துண்டைக் குழாய்க்குள் விட்டு, அடைந்திருக்கும் மெழுகைத் தள்ளிவிடுங்கள்.

டீக்காசை அண்ணாச்சியைக் கொடுக்கவிடவில்லை, நான்தான் கொடுத்தேன். தப்பாக வந்த பத்து பாபினையும் திருப்பி அனுப்பினால் கூரியர் செலவு அதன் விலையைத் தாண்டும் போலிருந்தது. டப்பாவை அப்படியே அண்ணாச்சியிடம் நீட்டினான் மருமகன். அவர் ஒன்றை எடுத்துக் கேஸில் போட்டு, தொங்கவிட்டு, ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தார். ஒரு விரற்கடை இறங்கி நின்றது. பத்தையும் எடுத்துக்கொண்டார். மறுநாள் இவனுடைய புது பேன்ட்டுக்குக் கீழ் ஓரம் மடித்து அடித்துக் கொடுத்தவர், கூலி வேண்டாம் என்றுவிட்டார்.